கேமரா மாட்டும் நாட்கள்: வீட்டிலேயே நடத்தும் குழந்தைகள் காப்பக நாட்குறிப்பு

ஜூன் 2
கூடத்து மூலை, 8 அடி உயரம். அதைவிடக் கீழே வைத்தால் நாற்காலி போட்டு ஏறிக் கை வைத்துவிடுவார்கள். மேலே போகப் போக உச்சந்தலைதான் தெரியும், முகம் தெரியாது. 2.8 மி.மீ. அகலக்கோண லென்ஸ் அறை முழுவதையும் பிடிக்கும். ஆனால் எதிர்மூலையில் யார் யாரைத் தள்ளினார்கள் என்று பிரித்தறிய முடியாது. அதனால் எதிரெதிர் மூலைகளில் இரண்டு.

ஜூன் 3
காலை வெயில் ஜன்னல் வழியே நேராக லென்ஸில் விழுகிறது, ஆட்கள் கறுப்பு நிழலாகிறார்கள். டபிள்யூ.டி.ஆர். (வெளிச்சத்தையும் நிழலையும் சமன்செய்யும் வசதி) போட்டால் ஓரளவு தேறும். ஜன்னல் இருக்கும் சுவரிலேயே மாட்டி உள்பக்கம் திருப்புவதுதான் சரி.

ஜூன் 4
தூங்கும் அறை. வயர்.

ஜூன் 5
தொட்டிலிலிருந்து 3 அடிக்குள் எந்த வயரும் இருக்கக் கூடாது. எழுந்து நிற்கும் குழந்தை கைக்கு எட்டியதை இழுக்கும், அது கழுத்தில் சுற்றிக்கொள்ளும். கேமரா தொட்டிலுக்கு நேர் மேலே வேண்டாம், எதிர்ச்சுவரில் போதும். வயரைப் பிளாஸ்டிக் பட்டைக்குள் விட்டு ஸ்க்ரூ அடிக்க வேண்டும். ஒட்டும் டேப் வெயில் நாளில் கழன்று தொங்கும்.

இருட்டில் படமெடுக்கக் கேமராவிலேயே அகச்சிவப்பு விளக்கு உண்டு. 850 நானோமீட்டர் விளக்கு மங்கலான சிவப்புப் புள்ளியாகத் தெரியும், சில குழந்தைகள் அதையே பார்த்துக்கொண்டு தூங்காது. 940 என்றால் புள்ளி தெரியாது, ஆனால் எட்டும் தூரம் குறையும்.

அதைவிடப் பெரிய விஷயம்: இருட்டுப் படம் கறுப்பு வெள்ளை. உதடு நீலம் பாரித்தால் திரையில் தெரியாது. மூச்சின் ஏற்ற இறக்கம் போர்வைக்குள் தெரியாது. திரையில் அசையாத குழந்தை எப்போதும் நிம்மதியாகத் தூங்குவது போலத்தான் இருக்கும்.

ஜூன் 7
கணக்கு. 1080பி படத் தரம், நொடிக்கு 2 மெகாபிட்: மணிக்கு 0.9 ஜி.பி. நாளுக்கு 10 மணி நேரம், 4 கேமரா என்றால் 36 ஜி.பி. 1 டி.பி. டிஸ்க் சுமார் 27 நாள் தாங்கும், பிறகு பழையதன் மேலேயே எழுதும். கிளவுடுக்கு அனுப்பினால் அப்லோடு வேகத்தில் 8 மெகாபிட் எந்நேரமும் போய்விடும். டிஸ்க்தான்.

ஜூன் 8
பெற்றோர் நேரலை கேட்கிறார்கள். எல்லோருமே.

ஜூன் 9
முடியாது என்றே சொல்ல வேண்டும். ஒரு வீட்டுக்குக் கொடுக்கும் லிங்க்கில் மற்ற எல்லா வீட்டுப் பிள்ளைகளும் தெரிகிறார்கள். பாஸ்வேர்டு அப்பாவிடமிருந்து பாட்டிக்கு, பாட்டியிடமிருந்து சித்தப்பாவுக்குப் போகும். ஆளுக்கொரு கணக்கு கொடுத்தாலும் திரையை இன்னொரு போனில் படமெடுப்பதை யார் தடுப்பது? ஏதாவது நடந்தால் அந்தப் பகுதியை மட்டும், மற்ற முகங்களை மங்கலாக்கி, இங்கே உட்கார்ந்து பார்க்கலாம். கேமரா எங்கெங்கே, பதிவு எத்தனை நாள் இருக்கும், யார் பார்ப்பார்கள்: மூன்றையும் எழுதிச் சேர்க்கையின்போதே கையெழுத்து வாங்க வேண்டும்.

டயபர் மாற்றும் மேசை, கழிவறைக் கதவு எதிலும் விழக் கூடாது. ஆப்பில் கறுப்புக் கட்டம் போட்டு மறைப்பதை நம்ப முடியாது. யாராவது அமைப்பை அழித்தால் கட்டமும் போய்விடும். கேமராவையே திருப்பு.

ஜூன் 10
மைக் அணைத்தாயிற்று. பல இடங்களில் ஒலிப்பதிவுக்குச் சட்டம் தனி. வாசலில் தாய் சொல்லும் குடும்ப விஷயம் பதிவாக வேண்டியதுமில்லை.

ஜூன் 11
பெட்டியோடு வந்த பாஸ்வேர்டு மாற்றம். இரண்டடுக்குச் சரிபார்ப்பு. ரவுட்டரில் யு.பி.என்.பி. (வெளியிலிருந்து வரத் தானாகவே வழி திறந்துவிடும் வசதி) அணைப்பு. கேமராக்களுக்குத் தனி வைஃபை. ஃபர்ம்வேர் (கேமராவின் உள் மென்பொருள்) அப்டேட். இதில் ஒன்று விட்டாலும் ஊர் பேர் தெரியாதவன் கேமரா வழியே கூடத்துக்குள் இருக்கக்கூடும்.

ஜூன் 12
கடிகாரம்! நான்கும் நான்கு நேரம் காட்டுகின்றன. நேரம் தப்பினால் காயப் பதிவேட்டில் எழுதியதோடு படம் பொருந்தாது. ரெக்கார்டரில் என்.டி.பி. (இணையத்திலிருந்து சரியான நேரம் எடுக்கும் வசதி) போட்டால் எல்லாம் ஒன்றாகும். காயம் பட்ட அன்றே அந்தத் துண்டைப் பென்டிரைவில் எடுத்துவிட வேண்டும், 27 நாள் இருக்கிறதே என்று விடக் கூடாது.

ஜூன் 14
சமையலறைத் திரையில் தூங்கும் அறை தெரிகிறது. தெரிவதாலேயே உள்ளே போகும் கால் நின்றுவிடும். அந்தப் படத்தைச் சமையலறையிலிருந்து எடுத்துவிட வேண்டும். பதிவு மட்டும் ஓடட்டும். கதவருகே தாள், பேனா: போனவர் பெயர், நேரம், மூச்சு, நிறம்.