பிடிவாதம் என்று சொன்னேன்

"பிடிவாதம் ஆச்சி, வேறு ஒன்றும் இல்லை."

இதைச் சொல்லி ஏழு மாதம் ஆகிறது. பின்கட்டில் உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த ஆச்சி, நிமிர்ந்து பார்த்து, "தம்பி, அதற்குக் கால் வலிக்கிறதோ?" என்று கேட்டார். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கம்பு ஒரு கையில், குட்டை இனக் குதிரை ஒன்றின் தலைக்கயிறு மறு கையில். பதினெட்டு ஆண்டு குதிரைகளோடு புழங்கியவன் என்ற நினைப்பில் பதில் தானாக வந்தது.

வேலை இதுதான். மே விடுமுறைக்கு ஆச்சியின் பேரன் வருவான். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளை. குதிரை பக்கவாட்டில் அடியெடுத்து வந்து, நாற்காலியை ஒட்டி நிற்க வேண்டும். நேராக வந்து முகத்தை நீட்டினால் போதாதா என்று பலர் கேட்டார்கள். குதிரைக்கு ஏறக்குறைய சுற்றிலும் பார்வை உண்டு. ஆனால் நெற்றிக்கு நேர் முன்னால் இருப்பது தெரியாது. அங்கிருந்து ஒரு கை திடீரென்று நீண்டால் மிரளும். பக்கவாட்டில் வந்து நின்றால் பையனைப் பார்த்துக்கொண்டே நிற்கும், பிடரியும் அவன் கைக்கு எட்டும். 32 அங்குல உயரம்தான் அது. புரவி எடுப்புக்கு ஐயனார் கோயிலுக்குச் சுமந்து போகும் மண் குதிரைகளே இதைவிடப் பெரியவை என்று தெருவில் எல்லோரும் சொல்வார்கள்.

பழக்கும் முறை எளிது. முதலில் பின்பகுதியை மட்டும் நகர்த்தக் கற்றுக்கொடுக்க வேண்டும், பிறகு முன்பகுதியை. இரண்டும் வந்தபின் சுவரைப் பார்த்து நிறுத்தினால் முன்னே போக வழியில்லை. அப்போது முதுகுக்கு மேலாகக் கம்பை நீட்டி, அந்தப் பக்கத்து இடுப்பில் மெல்லத் தட்ட வேண்டும். நம்மை நோக்கி ஓர் அடி வைத்தால் அந்த நொடியே தட்டுவதை நிறுத்திவிட வேண்டும். தட்டல் நின்றதுதான் அதற்குக் கிடைக்கும் பதில். கூடவே ஒரு துண்டு கேரட். இடப்பக்கமாக நகர நாலே நாளில் கற்றுக்கொண்டது. முன்னங்கால் ஒன்றை மற்றொன்றுக்குக் குறுக்கே வைத்து, நடனமாடுவதுபோல வரும். பார்க்க அவ்வளவு அழகு.

வலப்பக்கம்தான் வரவில்லை. இடது பின்னங்காலைக் குறுக்கே தூக்கி வைக்க வேண்டிய இடத்தில் அப்படியே நிற்கும். தட்டினால் காதைப் பின்னுக்கு மடக்கும்.

இங்கேதான் எங்கள் தொழிலின் முதல் விதி குறுக்கே வருகிறது. குதிரை மறுக்கும்போது தட்டுவதை நிறுத்தினால், மறுத்தால் விட்டுவிடுவார்கள் என்பதைக் கற்றுக்கொள்ளும். ஆகவே ஓர் அடியாவது வைக்கும்வரை விடக்கூடாது. இந்த விதி தவறில்லை. இதைக் கைவிட்ட இடங்களில் ஆளைக் கடிக்கும் குதிரைகளைப் பார்த்திருக்கிறேன். நாளை வேறொரு குதிரை வந்தாலும் இதே விதியைத்தான் பின்பற்றுவேன். ஆனால் புரியாமல் நிற்பதும், மனம் இல்லாமல் நிற்பதும், வலியால் நிற்பதும் கயிற்றைப் பிடித்திருக்கும் கைக்கு ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. அதற்கு அந்த விதியில் பதில் இல்லை.

ஆச்சி கேட்ட பிறகும் ஆறு நாள் தட்டினேன்.

மண்ணில் ஒரு கோடு இருந்தது. அதை எழுதாமல் இருக்க முடியவில்லை. பின்கட்டின் செம்மண்ணில், நான்கு குளம்புத் தடங்களில் ஒன்றின் முன்னால் மட்டும், விரலால் கீறியதுபோல ஒரு மெல்லிய கோடு. காலைத் தூக்காமல் குளம்பின் நுனியை இழுத்திருக்கிறது. காலையில் பார்ப்பேன், சோம்பல் என்று நினைத்துக்கொள்வேன். வாசல் பெருக்குபவர் அதைப் பெருக்கிவிடுவார். மறுநாள் மறுபடி இருக்கும்.

ஏழாம் நாள் கால் பின்னுக்கு நீட்டியபடியே பூட்டிக்கொண்டது. பிறகு சட்டென்று விடுபட்டது. கால்நடை மருத்துவர் வந்து, பின்னங்காலின் மேல்மூட்டில் சில்லு எலும்பு இடம் மாறிச் சிக்கிக்கொள்கிறது, இந்தக் குட்டை இனங்களில் இது அதிகம் என்றார். பழக்கியதால் வந்ததா என்று கேட்டேன். அமைப்பிலேயே இருந்திருக்கலாம் என்றார். 'இருந்திருக்கலாம்' என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு சில இரவுகள் தூங்கினேன். குதிரை வலியை வெளியே காட்டாத பிராணி, ஓடிப் பிழைக்கும் இனம் அப்படித்தான் இருக்கும் என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எல்லாம் உண்மைதான். ஆனால் காதை மடக்கியது காட்டியதுதானே? புளியை ஆய்ந்துகொண்டிருந்த எழுபது வயது ஆச்சிக்குத் தெரிந்ததே.

லாயத்தில் கட்டிப்போட வேண்டாம், தசை வலுவாக நேராக நடக்க விடுங்கள், மேடு ஏற்றுங்கள் என்றார் மருத்துவர். ஊருணிக் கரையில் தினமும் காலையில் ஏற்றி இறக்கினேன். இரண்டு மாதத்தில் கால் பூட்டிக்கொள்வது குறைந்தது.

மே மாதம் பையன் வந்தான். நாற்காலியை நானே குதிரையின் இடப்பக்கம் நிறுத்தினேன். கம்பை எடுக்கவில்லை, கையை மட்டும் நீட்டினேன். குறுக்கே அடி வைத்து வந்து ஒட்டி நின்றது. பையன் பிடரியில் கையை நுழைத்து வெகுநேரம் எடுக்கவே இல்லை. பிறகு, "அண்ணே, அந்தப் பக்கமும் வருமா?" என்று கேட்டான்.

"வராது தம்பி. கால் வலிக்கும்" என்றேன்.

ஆச்சி அங்கேதான் இருந்தார். என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.