தங்கச்சியைக் காலேஜில் சேர்த்த அனுபவம்

காசிமேட்டுப் பக்கம் பிளஸ் டூ முடித்த பெண் பிள்ளைகளுக்குக் காலேஜ் என்றாலே முதலில் வாயில் வருவது பிராட்வே பாரதி மகளிர் கல்லூரிதான். என் தங்கச்சியை அங்கே சேர்க்க நான்தான் கூட அலைந்தேன். அடுத்து விண்ணப்பிக்கப்போகும் வீடுகளுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

அரசு கலைக் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் ஒரே இணையதளம்தான். நாங்கள் போட்டபோது விண்ணப்பத்துக்கு 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய். எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு அந்த 2 ரூபாய் மட்டும்தான்.

தரவரிசை வந்ததும் அப்பா முகம் வாடிவிட்டது. பி.காம். கிடைக்கிற நம்பர் இல்லை. ஆனால் எல்லாப் பாடத்துக்கும் ஒரே கணக்கு கிடையாது. பி.காம்., பி.எஸ்சி. போன்றவற்றுக்கு மொழிப்பாடங்களை விட்டுவிட்டு மற்ற நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மார்க், ஆங்கிலத்துக்கு ஆங்கில மார்க். தங்கச்சி தமிழில் 96. அந்தப் பட்டியலில் அவள் பெயர் மேலேயே இருந்தது. அவளுக்கும் ஆசை தமிழ் மேல்தான், பி.காம். அப்பாவின் ஆசை. பொதுப் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு மனசு விட்டுவிடாதீர்கள்.

கலந்தாய்வு அன்று மண்ணடி மெட்ரோவில் இறங்கிப் போனோம். டி.சி., மார்க் ஷீட்கள், சாதிச் சான்றிதழ், ஆதார், போட்டோ, எல்லாவற்றுக்கும் இரண்டு செட் ஜெராக்ஸ். டி.சி.யில் இருந்த பிறந்த தேதியில் விரலை வைத்துக்கொண்டே மார்க் ஷீட்டையும் ஆதாரையும் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார் மேடம். இனிஷியல்வரை பார்க்கிறார்கள். பெயரில் வித்தியாசம் இருந்தால் பள்ளி முடிந்த கையோடு திருத்திவிடுங்கள்.

சீட் கிடைத்த பிறகு புதுமைப் பெண் திட்டம். 2022 செப்டம்பர் 5 அன்று இதே கல்லூரியில்தான் தொடங்கி வைத்தார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் படிப்பு முடியும்வரை மாதம் 1000 ரூபாய். கார்ப்பரேஷன் ஸ்கூலும் இதில் சேரும். அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களையும் பின்னால் சேர்த்துக்கொண்டார்கள். வருமான வரம்பு இல்லை, வேறு ஸ்காலர்ஷிப் வாங்கினாலும் தடையில்லை. எங்கள் வீட்டில் அந்த ஆயிரம் பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் போகிறது. கடலுக்குப் போகாத மீன்பிடித் தடைக்காலத்தில் அதன் அருமை தெரியும்.

விண்ணப்பத்தைக் கல்லூரி வழியாகவே போட்டோம். இழுத்தடித்தது பேங்க்தான். ‘ஆதார் லிங்க் ஆகியிருக்கிறது’ என்று கவுன்டரில் சொல்லிவிட்டார்கள், பணம் வரவில்லை. கணக்கில் ஆதார் எண் பதிந்திருப்பது வேறு, அரசுப் பணம் வருவதற்காக ஆதாரை அந்தக் கணக்கோடு இணைப்பது வேறு. இரண்டாவதற்குத் தனியாக ஃபாரம் எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு பேங்கில் கணக்கு இருந்தால், கடைசியாக எதில் இணைத்தோமோ அதற்குத்தான் பணம் போகும். ஸ்கூலில் படிக்கும்போது ஸ்காலர்ஷிப்புக்காகத் தொடங்கிய பழைய பாஸ்புக் இருந்தால் அதையும் எடுத்துப் பாருங்கள். இந்த வேலைக்கெல்லாம் வெளியே யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம். திட்டத்துக்கென்று கல்லூரியில் ஒரு பேராசிரியர் பொறுப்பில் இருப்பார், அவரிடமே கேளுங்கள்.