காய்ந்திருந்த டேங்க்

கப்பல் தரைதட்டிவிட்டது என்று ஃபோன் வந்ததும் நான் மூன்று விஷயங்கள் கேட்பேன். முன், நடு, பின் டிராஃப்ட் (கப்பல் நீரில் அமிழ்ந்திருக்கும் ஆழம்) எவ்வளவு, ஒவ்வொரு டேங்கிலும் சவுண்டிங் (உள்ளே நிற்கும் நீரின் ஆழம்) என்ன, அடுத்த ஓதம் எத்தனை மணிக்கு ஏறும். இவை கைக்கு வந்த பிறகுதான் அந்தக் கப்பலின் மாடலைக் கம்ப்யூட்டரில் திறப்பேன்.

கப்பல்களின் கட்டுமானத்தைச் சோதித்துச் சான்று தரும் கிளாஸ் சொசைட்டிகளில், அடிபட்ட கப்பல் தாங்குமா என்று கணக்குப் போடுவதற்கென்றே இரவு பகலாக ஒரு குழு இருக்கும். 5,000 டன்னும் அதற்கு மேலும் சுமக்கும் எண்ணெய்க் கப்பல்களுக்கு, சேதத்துக்குப் பின் மிஞ்சும் வலிமையைக் கணக்கிட்டுச் சொல்லும் கரை வசதி உடனடியாகக் கிடைக்க வேண்டும் என்பது, கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் மார்போல் உடன்படிக்கையின் விதி. மற்ற கப்பல்களின் முதலாளிகளும் இந்தச் சேவையில் பதிந்து வைப்பதுண்டு. அப்படி ஒரு குழுவில் பல வருடம் வேலை பார்த்தேன். அதில் ஒரு இரவு மட்டும் இன்றும் என்னை விடவில்லை.

தானியம், நிலக்கரி போன்றவற்றை மூட்டை கட்டாமல் அப்படியே கொட்டி ஏற்றும் பல்க் கேரியர் அது, 190 மீட்டர் நீளம், முழுச் சரக்கோடு வந்தது. இடது முன்பக்கம் பாறையில் ஏறி நின்றுவிட்டது. சீஃப் ஆபிசர் சின்ன வயதுக்காரர், ஆனால் பதறவில்லை. "சார், ஒண்ணாம் நம்பர், ரெண்டாம் நம்பர் டபுள் பாட்டம் டேங்க் மூச்சு விடுது, கேளுங்க" என்று, கப்பலின் இரட்டை அடித்தளத்துக்கு இடையே இருக்கும் டேங்குகளைச் சொல்லி, டேங்கில் நீரை அளக்க டேப் இறக்கும் சவுண்டிங் பைப்பின் வாயருகே ஃபோனைப் பிடித்தார். அலை உயரும்போது புஸ்ஸென்று காற்று வெளியே வந்தது. அலை தாழும்போது அதே காற்றை உள்ளே இழுத்தது. அடித்தகடு கிழிந்து டேங்க் கடலோடு கலந்துவிட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். மூன்றாம் நம்பரில் சத்தமே இல்லை. டேப்பை அடிவரை இறக்கி எடுத்தார், காய்ந்தே வந்தது.

சராசரி டிராஃப்ட் 30 சென்டிமீட்டர் குறைந்திருந்தது. அந்தக் கப்பலை ஒரு சென்டிமீட்டர் அமிழ்த்த 55 டன் வேண்டும். ஆக 1,650 டன் எடையைப் பாறை தாங்கிக்கொண்டிருக்கிறது. உள்ளே புகுந்த நீரையும் சேர்த்தால் இன்னும் கூடும், ஓதம் வற்றினால் அதற்கும் மேல். முன்பக்கத்தைப் பாறை தூக்கிப் பிடித்திருக்கும்வரை கப்பலின் நடுப்பகுதி கீழே தொய்யப் பார்க்கும். இது சாகிங். பாறையிலிருந்து விடுபட்டதும் முன் டேங்குகளில் நிற்கும் நீர் முனையைக் கீழே அழுத்தும், நடுப்பகுதி மேலே வளையும். இது ஹாகிங். நின்றிருக்கும்போது தாங்கும் கப்பல், மிதந்ததும் தாங்கும் என்று எடுத்துக்கொள்ளவே முடியாது. இரண்டையும் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டும்.

கப்பலை நடுவில் குறுக்காக வெட்டினால் தெரியும் வடிவத்தை ஒரு பெட்டி உத்திரம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். அடித்தகடு போனால் வளைவின் நடுநிலை அச்சு, அதாவது வளையும்போது இழுப்பும் அமுக்கமும் இல்லாத கோடு, மேலே நகரும். மிச்சமிருக்கும் அடிப்பகுதி அச்சிலிருந்து இன்னும் தள்ளிப்போய்விடுவதால் அதன் மேல் அழுத்தம் கூடும். சேதம் ஒரு பக்கம் மட்டும் என்றால் அச்சு சாயவும் செய்யும், அப்போது ஏதோ ஒரு மூலை மற்றதைவிடக் கூடுதலாக வாங்கும். கிழிந்த தகட்டை மாடலிலிருந்து அழித்துவிடலாம், அதில் குழப்பமில்லை. கிழியாமல் நெளிந்த தகடுதான் சிக்கல். இழுத்தால் அது ஓரளவு நிமிர்ந்து வேலை செய்யும். அமுக்கினால் சட்டென்று மடங்கிவிடும். ஹாகிங்கில் அடித்தகடு முழுவதும் அமுக்கத்தில்தான் இருக்கும்.

நான் என்ன செய்தேன்? ஒன்றையும் இரண்டையும் அழித்தேன். மூன்றாம் நம்பர் காய்ந்திருக்கிறதே என்று அதற்கு முழு வலிமை கொடுத்தேன். கணக்கு நன்றாகவே வந்தது. கொஞ்சம் சரக்கை வேறு கப்பலுக்கு மாற்றச் சொன்னோம். கப்பல் ஏற்ற ஓதத்தில் மிதந்து, இழுவைப் படகுகள் இழுக்க, நீரை வடித்துவிட்டுப் பழுதுபார்க்கும் டிரை டாக்குக்கு மெதுவாகப் போய்ச் சேர்ந்தது. கடல் அமைதியாக இருந்தது.

டாக்கில் கப்பலின் அடியில் குனிந்து நடந்தேன். மூன்றாம் நம்பருக்குக் கீழே தகடு ஒரு சாண் ஆழத்துக்கு உள்வாங்கியிருந்தது. எங்கும் கிழியவில்லை, அதனால்தான் நீர் புகவில்லை. டேங்குக்குள் இறங்கிப் பார்த்தபோது தகட்டுக்கு விறைப்புத் தர நீளவாக்கில் ஓடும் சட்டங்களான லாஞ்சிடியூடினல்கள் வரிசையாகப் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தன. எண்ணினேன், பதினொன்று. அமுக்கத்தில் அவற்றால் எந்தப் பிரயோஜனமும் இருந்திருக்காது. அன்றிரவே அந்தப் பதினொன்றையும் நீக்கிவிட்டு மறுபடி கணக்குப் போட்டேன். ஹாகிங்கில் நான் சொல்லியிருந்த மிச்ச வலிமையில் பாதிதான் உண்மையில் இருந்திருக்கிறது. அந்தக் கணக்கை நம்பி இருபத்தொரு பேர் அந்தக் கப்பலில் வந்தார்கள். நெடுநேரம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே முடியவில்லை.

நேரமும் வலிமையைத் தின்னும். 2020 ஜூலை 25 அன்று மொரீஷியஸ் கரையோரப் பவளப்பாறையில் ஏறிய வகாஷியோ என்ற கப்பல், ஆகஸ்ட் 15 அன்று இரண்டாகப் பிரிந்தது. இடைப்பட்ட மூன்று வாரமும் அலை அதை அசைத்துக்கொண்டே இருந்தது. அதனால் முதல் நாள் போட்ட கணக்கை மூன்றாம் நாள் யாராவது மேற்கோள் காட்டினால் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒவ்வொரு ஓதத்துக்கும் புது டிராஃப்ட், புது சவுண்டிங் கேட்பேன்.

அப்புறம் வந்த ஒரு கேஸில், காய்ந்த டேங்குக்குள் ஆளை அனுப்பச் சொன்னேன். காற்றோட்டம் கொடுத்து, ஆக்சிஜன் அளந்து, வாசலில் ஒருவரை நிறுத்திய பிறகுதான். டார்ச்சைத் தகட்டோடு ஒட்டிப் படுக்கவைத்து அடிக்கச் சொன்னேன், அப்போதுதான் சின்ன நெளிவுக்கும் நிழல் விழும். முக்கால் மணி நேரத்தில் படங்கள் வந்தன. தகடு பார்வைக்கு நேராகத்தான் இருந்தது. ஆனால் நான்கு லாஞ்சிடியூடினல்களின் வெல்டிங் ஓரமாகப் பெயிண்ட் முடியிழை போல வெடித்து, உள்ளே துரு கிளம்பத் தொடங்கியிருந்தது. அந்த நான்கையும் மாடலிலிருந்து எடுத்துவிட்டு, பல்லாஸ்டை (சமநிலைக்காக டேங்குகளில் நிரப்பும் கடல்நீரை) மாற்றச் சொல்லி கேப்டனுக்கு ஃபோன் போட்டேன்.