ஒரு இரும்பு வளையமும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

வெளியே வந்துவிட்டது. காரின் என்ஜினை அடியில் பிடித்து வைக்கும் கீழ் என்ஜின் மவுண்டின் பெரிய புஷ் (அதிர்வைத் தாங்கும் ரப்பர் துண்டு), தன் இரும்பு வளையத்தோடு இப்போது என் மேசையில் கிடக்கிறது. ஒரு பக்கம் பிளந்து, ஒரு பக்கம் நசுங்கி, பார்க்கவே பரிதாபமாக இருக்கிறது. எனக்குக் கொஞ்சமும் பரிதாபம் வரவில்லை.

ரப்பரைவிடக் கெட்டியான புது பாலியூரிதேன் புஷ்ஷோடு வந்த காகிதம் இந்த வேலைக்கு ஒதுக்கியிருந்தது ஒரே வரிதான்: பழைய புஷ்ஷை அகற்றவும். அகற்ற எனக்கு நாலரை மணி நேரம் ஆனது. புதியதை மாட்ட 15 நிமிடம்கூட ஆகவில்லை.

வண்டி முன்சக்கர ஓட்டம், குறுக்கே உட்கார்ந்த 2 லிட்டர் டர்போ என்ஜின். மேலே இரண்டு பக்கமும் உள்ள மவுண்டுகள்தான் எடையைச் சுமக்கின்றன. கீழே இருக்கும் எலும்புத்துண்டு வடிவ மவுண்டுக்கு என்ஜினை முன்னும் பின்னும் ஆடவிடாமல் பிடிப்பது மட்டுமே வேலை. சின்ன வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்க்கும் வரை. என்ஜின் 280 நியூட்டன் மீட்டர் முறுக்கு கொடுக்கிறது, முதல் கியரின் மொத்த விகிதம் சுமார் 13. பெருக்கினால் 3,600 நியூட்டன் மீட்டருக்கு மேல். சக்கரத்தை முறுக்குகிற அதே அளவு முறுக்கு, எதிர்த்திசையில் என்ஜினுக்கும் கிடைக்கிறது. அரை மீட்டர் நெம்புகோல் என்று வைத்தால் அந்தச் சின்ன புஷ் மேல் முக்கால் டன் இழுவிசை. ரப்பர் கிழிந்திருந்ததில் ஆச்சரியமே இல்லை. கிளட்ச்சை விட்டதும் 'டொக்', ஈரச் சாலையில் முன்சக்கரம் துள்ளல் எல்லாம் அங்கிருந்துதான்.

சரி, அந்த வளையத்துக்கு வருகிறேன்.

ரப்பரை எடுப்பது சுலபம். சுற்றிலும் டிரில் போட்டு, பிளேடால் அறுத்தால் நடுத்துண்டு கையோடு வந்துவிடும். எரித்து எடுக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அந்தப் புகையை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறுபடி சொல்ல மாட்டார்கள். மிச்சம், அலுமினிய சப்ஃப்ரேமுக்குள் (என்ஜினுக்கு அடியில் உள்ள சட்டம்) இறுகிக் கிடக்கும் இரும்பு வளையம் மட்டும்.

முதல் முயற்சி, எல்லோரும் செய்வதுதான்: 12 மில்லிமீட்டர் திரெட் ராட் (நீளம் முழுக்க மரை போட்ட கம்பி), ஒரு பக்கம் பெரிய சாக்கெட், மறுபக்கம் வளையத்தின் அளவுக்கு வாஷர். இறுக்க இறுக்க வாஷர் கிண்ணம் மாதிரி குழிந்தது. இரண்டு வாஷரை அடுக்கினேன், அதுவும் குழிந்தது. மூன்று போட்டதும் ராடின் மரையே உருவிக்கொண்டு வந்தது. சாதா இரும்பு ராடை நம்பியது என் தப்பு. உறுதியான எஃகு ராடும் தடித்த வாஷரும் வாங்கி வைத்திருக்க வேண்டும். மரைக்குக் கிரீஸும் போட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது, சூடு. அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 60 மில்லிமீட்டர் துளையை 80 டிகிரி ஏற்றினால், வளையமும் சேர்ந்து சூடானாலும் 0.05 மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்க வேண்டும். காகிதத்தில் கிடைத்தது, துளையில் கிடைக்கவில்லை. இரும்பும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும் அல்லவா, அந்தப் பொடி இடைவெளியை முழுதாக விழுங்கியிருந்தது.

கடைசியில் ஹேக்ஸா. பிளேடைக் கழற்றி, துளை வழியாக விட்டு, மறுபடி சட்டத்தில் மாட்டி, வளையத்தை உள்ளிருந்து அறுக்க வேண்டும். வண்டி ஸ்டாண்டில், நான் அடியில் மல்லாந்து படுத்து, கண்ணாடியை மீறி முகமெல்லாம் இரும்புத்தூள். சிக்கல் அறுப்பதில் இல்லை, எங்கே நிறுத்துவது என்பதில்தான். வளையத்தின் சுவர் மெல்லியது, அடுத்த இழுப்பில் அலுமினியம் வந்துவிடும். நான் கண்டுபிடித்த வழி: பத்து இழுப்புக்கு ஒருமுறை, விழுந்த தூளைக் காந்தத்தில் ஒட்டிப் பார்ப்பது. எல்லாம் ஒட்டினால் இன்னும் இரும்பு. பளபளவென்று ஒட்டாமல் கிடந்தால் போதும், கையை எடு. சத்தமும் மாறுகிறது, கரகரப்பு போய் மென்மையாகும். இவ்வளவு கவனமாக இருந்தும் நகம் தட்டும் அளவுக்கு ஒரு கீறல் விழுந்துவிட்டது. எமரித் தாளால் தேய்த்துவிட்டேன். அந்தக் கீறலை நினைத்தால் இன்னும் எரிச்சல்.

அப்புறம் வெட்டின் விளிம்பில் சின்ன உளியை வைத்து உள்பக்கமாக மடக்கினேன். நாலாவது தட்டில் 'பிங்' என்று ஒரு சத்தம். அதுவரை கல்லாக இருந்த வளையம் விரலோடு வந்தது.

சப்ஃப்ரேமை மொத்தமாக இறக்கி, பிரஸ்ஸில் வைத்தால் பத்து நிமிட வேலை என்று தெரியும். சக்கர அலைன்மென்டைக் கலைக்க மனமில்லாமல்தான் இத்தனை பாடு.

புது புஷ் இரண்டு பாதியாக வரும், வெளி வளையமே கிடையாது. அதனால் துளையின் சுவர் சுத்தமாக இருக்க வேண்டும், வெள்ளைப் பொடி ஒரு துளிகூட இருக்கக் கூடாது. கூடவே வந்த சிலிக்கான் கிரீஸ் பொட்டலம் சீயக்காய்ப் பொட்டலம் அளவு. யாருக்குக் காணும்? தனியாக ஒரு டியூப் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கிரீஸ் குறைந்தால் பின்னால் கீச்சுச் சத்தம்தான் மிச்சம். நடுக்குழாயைக் கடைசியில் தள்ளினேன். கோணம் பார்த்து இறுக்கும் போல்ட்டுகள் (இறுக்கும்போதே நீண்டுவிடுபவை) என்பதால் பழையவற்றைத் தூக்கிப்போட்டுப் புதியவை.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். ஒரு தயாரிப்பாளரின் மஞ்சள் இன்னொருவருக்கு வேறு கடினம். கடினத்தைச் சொல்லும் ஷோர் ஏ எண்ணைக் கேளுங்கள், எண் கூடினால் கடினம் கூடும். எனக்கு விற்றவர் 'தெரு ஓட்டத்துக்கானது' என்பதைத் தாண்டி வாயைத் திறக்கவில்லை. மூன்று முறை கேட்ட பிறகுதான் 80 என்றார். 95-ஐ நான் தொடப் போவதில்லை.

ஓட்டிப் பார்த்தேன். 'டொக்' போயே போய்விட்டது. இரண்டாவது கியர் விழுவதில் இருந்த தயக்கமும் இல்லை. அதற்கான விலையை, வண்டி நின்றபடி என்ஜின் ஓடும் ஐடிலில் கொடுக்க வேண்டியிருக்கிறது. நிமிடத்துக்கு 800 சுற்றில் நான்கு சிலிண்டர் என்ஜின் நொடிக்கு 26, 27 துடிப்பு கொடுக்கும். அது இப்போது இருக்கை வழியாக நேராக முதுகுக்கு வருகிறது. ஏசி போட்டால் பின்பார்வைக் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி இரண்டாகத் தெரிகிறது. சில நூறு கிலோமீட்டர் ஓடினால் கொஞ்சம் தணியும் என்கிறார்கள். பார்ப்போம்.

பக்க மவுண்டுகளையும் மாற்றலாமா என்று கை துறுதுறுக்கிறது. ஆனால் அவை உள்ளே திரவம் உள்ளவை, இன்னும் கசியவில்லை. அவையும் இறுகினால் கண்ணாடியையே கழற்றி வைக்க வேண்டியதுதான். அதைவிட முக்கியம், எலும்புத்துண்டின் மறுமுனையில் உள்ள சின்ன புஷ் இன்னும் பழையதுதான். புதியது பொட்டலம் பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது. அதற்கும் ஒரு இரும்பு வளையம் உண்டு.