பத்துக்கு எட்டு

"கேள்வியைத் திருத்துவதற்கு உங்களுக்குச் சிவப்புப் பேனா கொடுக்கவில்லை" என்றார் தலைமைத் தேர்வாளர். நான் சொன்ன பதிலும் அப்படியொன்றும் பணிவானதல்ல.

கேள்வி வழக்கமானதுதான். அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி வாஷிங்டனின் பிரியாவிடை உரை, பிற நாடுகளின் சச்சரவுகளில் சேராமல் ஒதுங்கியிருக்கும் தனிமைக் கொள்கைக்கு அடித்தளமிட்டதை விளக்குக. விடைக்குறிப்பு கேட்டது 1796, நிரந்தரக் கூட்டணி வேண்டாம் என்ற அறிவுரை, அமெரிக்கக் கண்டங்களில் ஐரோப்பா தலையிடக் கூடாது என்ற 1823இன் மன்றோ கோட்பாடு. இந்த மாணவரோ இருபது ஆண்டு பின்னால் போய், அமெரிக்க விடுதலைக்காகப் பிரசுரம் எழுதிய தாமஸ் பெயினைப் பிடித்திருந்தார். ஐரோப்பா நம் சந்தை, அதில் எந்தப் பகுதியோடும் தனி உறவு கூடாது என்று 1776 ஜனவரியில் பெயின் வாதிட்டதை எழுதியிருந்தார். அதே ஆண்டு, விடுதலைத் தலைவர்களில் ஒருவரான ஜான் ஆடம்ஸ் பிற நாடுகளோடு செய்துகொள்வதற்காக வரைந்த மாதிரி ஒப்பந்தத்தில் வணிகம் உண்டு, அரசியல் பிணைப்பு கிடையாது என்பதையும், வாஷிங்டனின் உரையை எழுதியதில் அவருடைய முன்னாள் நிதியமைச்சர் ஹாமில்டனின் பங்கையும் விடவில்லை. மன்றோ பெயரே இல்லை. எட்டு போட்டேன்.

"கேட்டதற்குப் பதில் எங்கே, சார்?"

ஒதுங்கியிருப்பதல்ல, எல்லோரோடும் வியாபாரம் செய்வதுதான் அந்த அமெரிக்கத் தலைவர்களின் நோக்கம். இதைவிட என்ன பதில் வேண்டும் என்றேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். அவர் ஆறாக்கிக் கையெழுத்திட்டார்.

ஆனால் அந்த விடையில் 1778 இல்லை. மாதிரி ஒப்பந்தத்தை அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையான காங்கிரஸ் ஏற்று ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை, பிரான்சோடு ராணுவக் கூட்டணியே ஏற்பட்டுவிட்டது. பிரிட்டனோடு நடந்த விடுதலைப் போருக்கு உதவி தேவைப்பட்டதும் கொள்கையைச் சுருட்டி வைத்தார்கள். 1793இல் பிரிட்டன்-பிரான்ஸ் போரில் வாஷிங்டன் நடுநிலை அறிவித்தபோதும், கருவூலம் நம்பியிருந்தது இறக்குமதி வரியை, சரக்கில் பெரும்பகுதி பிரிட்டனுடையது, கடற்படையோ இல்லை. பெயினை ஒரு வரி படிக்காதவரும் அந்த நிலையில் நடுநிலைதான் வகித்திருப்பார். அப்படியென்றால் சிந்தனையின் வேர் என்று வகுப்பில் நான் பேசிவருவதெல்லாம் எதற்கு?

இல்லை, மூன்றாவது ஜனாதிபதி ஜெபர்சன் இருக்கிறார். ஹாமில்டனுக்கு அரசியலில் ஜென்மப் பகை. அந்த ஜெபர்சனே 1801 பதவியேற்பு உரையில் எல்லா நாடுகளோடும் சமாதானம், வணிகம், எவரோடும் சிக்கலான கூட்டணி இல்லை என்கிறார். கீரியும் பாம்புமாக இருந்த இருவர் ஒரே கணக்கைப் போட்டார்கள் என்றால், அதற்குக் காலிக் கருவூலம் மட்டுமா காரணம்?

ஆனால் ஜெபர்சனும் அந்த விடைத்தாளில் இல்லை. இல்லாததை நானே சேர்த்துப் படித்து எட்டு போட்டேனோ என்று தலைமைத் தேர்வாளர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏழுக்கு இறங்கி வந்திருப்பேன். ஆறுக்கு மாட்டேன்.