பதிவேட்டில் ஒரு சொல்

அரூர் வட்டத்து மலையூர்களில் கிராம சுகாதார செவிலியராகச் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், பரிசோதனைக்கு வராத கர்ப்பிணிகளின் பெயருக்கு எதிரே "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதுவது என் வழக்கமாக இருந்தது. மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. அந்த மக்கள் சாமை விளையும் சரிவுகளில், மணிக்கணக்கில் நடந்து சேரவேண்டிய ஊர்களில் சிதறி வாழ்வதைக் குறிக்கப் பதிவேட்டில் கட்டம் ஏதும் இல்லை.

பாதை இல்லாததே எல்லாவற்றுக்கும் காரணம் என்று நானும் நம்பினேன். 108 வண்டி தார்ச்சாலை முடியுமிடத்தில் நின்றுவிடும். அதுவரை தூளி கட்டித்தான் தூக்கி வரவேண்டும். இதற்காகவே பழங்குடிப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில், நாள் நெருங்கியவர்கள் முன்னதாக வந்து தங்கப் பிரசவ காத்திருப்பு அறைகள் இருக்கின்றன. மூன்றாம் பேறுக்குக் காத்திருந்த, இரத்தத்தில் ஹீமோகுளோபின் எட்டு கிராமே இருந்த ஒரு பெண்ணை அங்கே வரும்படி வற்புறுத்தினேன். அவள் மறுக்கவில்லை; "பத்து நாள் நான் அங்க வந்து குந்திக்கிட்டா ஆட்டை யாரு ஓட்டறது நர்ஸம்மா?" என்று மட்டும் கேட்டாள். கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். மாமியாருக்குப் பார்வை மங்கல். மூத்த பிள்ளைக்கு நான்கு வயது. பங்காளி வீட்டில் பேசி, ஆடுகளை அவர்கள் பட்டியில் அடைக்கச் செய்ததுதான் அன்று நான் பார்த்த வைத்தியம். நான்காம் நாள் அவள் இறங்கி வந்தாள். இரும்புச்சத்து டிரிப்ஸ் ஏற்றினோம்.

பேசித் தீர்க்க முடியாததும் உண்டு. பதினெட்டு நிரம்பாத பெண் கருவுற்றிருந்தால் சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி நாங்கள் தகவல் தெரிவித்தே ஆகவேண்டும். அந்தச் சட்டம் தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வழக்குக்கு அஞ்சும் குடும்பம் அவளை என் கண்ணில் படாமல் வைத்துக்கொள்வதால், நான்காம் மாதமே தொடங்கவேண்டிய இரும்புச்சத்து மாத்திரை எட்டாம் மாதத்தில்தான் அவள் கைக்குப் போகிறது; யாரைக் காக்க வந்த சட்டமோ அவளே மருத்துவத்துக்கு எட்டாமல் போகிறாள்.

பிற்பாடு அந்தச் சொல்லை விட்டுவிட்டுக் காரணத்தையே எழுதத் தொடங்கினேன். மேற்பார்வைக்கு வந்த அலுவலர் ஒருவர், ஒரு பெயருக்கு எதிரே "ஆடு" என்றிருந்ததைக் காட்டி, "என்னம்மா இது?" என்றார். விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதை அடித்துவிட்டுப் பழையபடியே எழுதச் சொன்னார்.