மணி எலி மருந்து தின்ற கதை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீடு அறுபதுகளில் கட்டின பழைய வீடு, சுவரோடு சுவர் ஒட்டினது. பக்கத்து வீட்டு எலி எங்கள் சீலிங்கில்தான் ராத்திரி ஓட்டப் பந்தயம் நடத்தும். செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை வீட்டுக்காரர் ஹார்ட்வேர் கடையில் ஒரு பாக்கெட் எலி மருந்துக் கட்டி வாங்கி வந்தார். பத்துக் கட்டி. நாலை சீலிங்கில் வைத்துவிட்டு, மிச்சத்தைக் கராஜில் பெயின்ட் டின்களுக்குப் பக்கத்தில் வைத்தார், கீழ்த் தட்டில். அந்தக் கீழ்த் தட்டுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

மணிக்கு ஆறு கிலோ எடை. மால்டீஸ் கலந்த வெள்ளை நாய், தரையில் எது கிடந்தாலும் முதலில் வாயில் போட்டுவிட்டு அப்புறம் யோசிக்கிறவன். ஞாயிற்றுக்கிழமை மாமியார் கொல்லையைப் பெருக்கும்போது, "என்னம்மா இவன் நீலமாப் போயிருக்கான்?" என்று கேட்டார். குழந்தையின் க்ரேயானைத் தின்றிருப்பான் என்று நினைத்து நானும் சிரித்துவிட்டேன். கராஜ் பக்கம் யாரும் போய்ப் பார்க்கவில்லை. எலி மருந்துக் கட்டிகள் பெரும்பாலும் நீலமாகவோ பச்சையாகவோ சாயம் போட்டே வருகின்றன. அந்தச் சாயம் அப்படியே வெளியே வந்திருந்தது, கண்ணெதிரே கிடந்த அறிகுறி, அதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டோம்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் ஓடினான், குரைத்தான், சாப்பிட்டான். புதன்கிழமை காலை கூப்பிட்டால் வாலை மட்டும் ஆட்டினான், எழுந்து வரவில்லை, லேசான இருமல் வேறு. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. இந்த ஊரில் நாய் ஈறு வெளுத்தால் எல்லோர் வாயிலும் வருவது ஒரே வார்த்தை, பிலியரி, அதாவது உண்ணிக் காய்ச்சல். நானும் அதே நினைப்பில்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

டாக்டரம்மாவும் முதலில் அதைத்தான் சோதித்தார். காதில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார், கிருமி எதுவும் இல்லை. ஆனால் காதில் குத்தின இடத்தில் ரத்தம் நிற்கவே இல்லை. பஞ்சை வைத்து அழுத்துகிறார், எடுக்கிறார், மறுபடி சிவப்பாக ஊறுகிறது. அதைப் பார்த்துக்கொண்டே, "வீட்டில் எலி மருந்து இருக்கிறதா?" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. வீட்டுக்காரருக்கு போன் போட்டேன், கராஜுக்குப் போய்ப் பார்த்தால் பாக்கெட் கிழிந்து, இரண்டு கட்டிதான் மிச்சம்.

அடுத்த கேள்வி, கடையில் வாங்கினதா, நடைபாதையில் வாங்கினதா? டர்பன் தெருக்களில் லேபிள் இல்லாமல் பொட்டலமாக விற்கிறார்களே, 'டூ ஸ்டெப்' என்கிற கறுப்புக் குருணை, அது முற்றிலும் வேறு விஷம். வயலுக்கான பூச்சிமருந்து, நரம்பைத் தாக்கும், கொஞ்ச நேரத்திலேயே எச்சில் வடிந்து உடம்பு வெட்டி இழுக்கும். 2024-இல் சொவெட்டோவில் ஆறு பிள்ளைகள் செத்ததும் இந்த மாதிரித் தெருவில் விற்கிற டெர்புஃபோஸ் என்ற பூச்சிமருந்தால்தான். எங்களுடையதில் லேபிள் இருந்தது, வீட்டுக்காரர் படம் பிடித்து அனுப்பினார். புரோடிஃபாகூம், 0.005 சதவீதம். அந்த ஒரு படம் வந்ததும் டாக்டரம்மாவின் கை வேகமாகிவிட்டது.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். ரத்தம் உறைவதற்குக் கல்லீரல் சில பொருட்களைச் செய்கிறது, அதற்கு வைட்டமின் கே வேண்டும். உடம்பு அந்த வைட்டமினைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துப் பயன்படுத்துகிறது, இந்த விஷம் அந்தப் புதுப்பிப்பை நிறுத்திவிடுகிறது. ஏற்கெனவே ரத்தத்தில் இருக்கிற சரக்கு தீரும்வரை நாய் நன்றாகவே இருக்கும், பிறகுதான் உள்ளுக்குள் கசியும். மணிக்கு நெஞ்சுக்குள் கசிந்திருந்தது, அதுதான் இருமல். தின்ற சில மணி நேரத்துக்குள் போயிருந்தால் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்து, கரித்தூள் கொடுத்து, மாத்திரையோடு முடிந்திருக்கும். வீட்டிலேயே உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று இறங்க வேண்டாம், உப்பே நாயைக் கொன்றுவிடும் என்றும் சொன்னார். பாலும் இந்த விஷத்தை முறிக்காது.

வைட்டமின் கே1 ஊசியைத் தோலுக்கடியில் போட்டார். ஆனால் அது வேலை செய்யப் பல மணி நேரம் ஆகும், அதுவரை தாங்க ரத்தம் ஏற்ற வேண்டும். அங்கே வேலை செய்கிற நர்ஸ் தன்னுடைய போர்பூல் நாயைக் கூட்டி வந்தார், கன்றுக்குட்டி சைஸ். அது பாட்டுக்கு மேஜைமேல் படுத்துக்கொண்டு கழுத்தை நீட்டிக் கொடுத்தது. ஆறு கிலோ மணிக்கு அந்த ரத்தம் சொட்டுச் சொட்டாக ஏறினதைப் பார்த்துக்கொண்டே ராத்திரி பத்து மணிவரை உட்கார்ந்திருந்தேன். வரவேற்பில் இருந்த பெண் ஃபைலில் அவன் பேரை ஆங்கிலத்தில் 'மனி' என்று, காசு என்கிற மனி, எழுதியிருந்தார். பில்லைப் பார்த்தபோது அது தப்பாகத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தான். நாலு வாரம் தினமும் கே1 மாத்திரை, கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுத்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். நடந்துகொண்டிருந்தது புரட்டாசி, ஃபிரிட்ஜில் கறியும் இல்லை, போலோனியும் இல்லை. மாத்திரையை ரொட்டியில் வைத்து நெய் தடவி உருட்டிக் கொடுப்பதாக ஆயிற்று. மாமியார் கொல்லை முருங்கைக் கீரையைக் காட்டி, "இதுலயும் அந்த வைட்டமின் இருக்குதாமே, இதையே குடுத்தா என்ன?" என்றார். இருக்கிறதுதான். ஆனால் கீரையில் இருப்பது மைக்ரோகிராம் கணக்கு, இவனுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 30 மில்லிகிராம். கே3 என்றும் ஒன்று இருக்கிறது, அதுவும் இதற்கு உதவாது.

பாதியில் நிறுத்தத்தான் மனசு சொல்லும், ஏனென்றால் ஒரே வாரத்தில் நாய் துள்ள ஆரம்பித்துவிடும். ஆனால் அந்த விஷம் கல்லீரலில் வாரக்கணக்கில் தங்கும். கடைசி மாத்திரை கொடுத்து 48 மணி நேரம் கழித்து ரத்தம் உறைகிற நேரத்தை மறுபடி பார்த்தார்கள். அந்த இரண்டு நாளும் அவனை வெளியே ஓட விடவில்லை, ஒரு நாளைக்குப் பத்துத் தடவை உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், அவனுக்கே சலித்துவிட்டது. ரத்தம் உறைகிற நேரம் சரியாக இருந்தது.

சீலிங்கில் இருந்த நாலையும் வீட்டுக்காரர் எடுத்துவிட்டார், இப்போது அங்கே எலிப்பொறிதான். நாலு, பாக்கெட்டில் இரண்டு, ஆக ஆறு. மிச்சம் நாலில் ஒன்று பாதி கடித்தபடி சோபாவுக்கு அடியில் கிடைத்தது. மூன்றையும் அவனே தின்றானா, வழக்கம்போல ஒன்றைக் குழிதோண்டிப் புதைத்து வைத்திருக்கிறானா என்பது தெரியவில்லை. காலையில் அவனை அவிழ்த்துவிடுவதற்கு முன் நான் ஒரு குச்சியோடு கொல்லையைச் சுற்றி வருகிறேன்.